எதிர்த்தரப்புக்காகவும் வாதாடுவது: சிறுபான்மை நீதிபதி ஒருவரின் பெயரில் நடக்கும் போட்டியும் யாழ்ப்பாணத்துச் சட்ட மாணவர்களும்

அமெரிக்காவில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்காக 1993இலிருந்து ஒரு மாதிரி நீதிமன்றப் போட்டி நடந்துவருகிறது. நீதிபதி தோமஸ் டாங்கின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஆசிய பசுபிக் வம்சாவளிச் சட்டத்தரணிகளின் தேசியச் சங்கத்தோடு சேர்ந்த அமைப்பு அதை நடத்துகிறது. முதலில் பிராந்தியச் சுற்றுகள் நடக்கும். அவற்றில் வெல்லும் அணிகள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் இறுதிச் சுற்றுக்குப் போகும். ஆசிய வம்சாவளி மாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய போட்டிதான். ஆனாலும் எந்த இனத்து மாணவரும் அதில் வாதாடலாம்.

சிறுபான்மைச் சமூகத்திலிருந்து நீதி ஆசனத்துக்குப் போன ஒருவரை நினைவுகூர எத்தனையோ வழி உண்டு. சிலை வைக்கலாம், வீதிக்குப் பெயர் சூட்டலாம், ஆண்டுதோறும் நினைவுப் பேருரை நடத்தலாம். யாழ்ப்பாணத்தில் இவையெல்லாம் நமக்குக் கைவந்தவை. மாணவர்களை எழுப்பி நிறுத்தி, தாங்கள் நம்பாத தரப்புக்காகவும் வாதாட வைப்பது நாம் அதிகம் பழகாத மரியாதை. நமக்கு இப்போது வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

டாங் 1922இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் பிறந்தார். சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. 1943இல் அது நீக்கப்பட்டபோது அவர் இளைஞர், இராணுவச் சேவையில் இருந்தார். போருக்குப் பிறகு சட்டம் படித்தார், பீனிக்ஸ் நகர சபையில் இருந்தார், 1963இல் உள்ளூர் நீதிமன்றமொன்றில் நீதிபதியானார். 1977இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அவரை ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். கலிபோர்னியா, அரிசோனா, ஹவாய் முதலான மேற்கு மாநிலங்களின் சமஷ்டி வழக்குகள் மேன்முறையீட்டில் வந்து சேரும் இடம் அது. கொரிய வம்சாவளியினரான ஹேர்பர்ட் சோய் 1971இலேயே அதே நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். ஆனால் சீன வம்சாவளியினர் ஒருவர் சமஷ்டி மேன்முறையீட்டு ஆசனத்தில் அமர்ந்தது டாங் வந்தபோதுதான். போட்டி தொடங்கியபோது அவர் உயிரோடு இருந்து அதற்கு ஆதரவளித்தார். 1995இல் காலமானார்.

அந்த நியமனத்தின் கனத்தை உணர அதே மேற்குக் கரையில் நடந்த இரண்டு பழைய வழக்குகளை அறிந்திருக்க வேண்டும். 1854இல் கலிபோர்னியாவில் வெள்ளையர் ஒருவர் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டார். சீனர்கள் கொடுத்த சாட்சியத்தின் மேல் வந்த தீர்ப்பு அது. வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று சொல்லி, மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. நீதிமன்றத்தில் வாய் திறக்கவே ஒரு சமூகத்துக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

அடுத்தது 1886ஆம் ஆண்டின் யிக் வோ வழக்கு. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்துவதென்றால் நகர மேற்பார்வைச் சபையின் அனுமதி வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விதி வந்தது. விதியில் சீனர் என்ற சொல்லே இல்லை. தீ விபத்தைத் தடுக்க எழுதப்பட்ட சாதாரண விதியாகவே அதை எவரும் வாசிப்பார்கள். ஆனால் அந்நகரில் இருந்த சுமார் 320 சலவைக் கடைகளில் ஏறக்குறைய 310 மரக் கட்டடங்கள், சுமார் 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்ட ஏறத்தாழ 200 சீனருக்கும் மறுப்பு. சீனரல்லாத ஏறத்தாழ 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. 22 ஆண்டுகள் ஒரே இடத்தில் கடை நடத்தியவர் 10 டொலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். எழுத்தில் பாரபட்சம் காட்டாத சட்டமும், கை வைத்து நடைமுறைப்படுத்துபவர் பாரபட்சம் காட்டினால், சமத்துவத்தை மீறும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது.

வடக்கில் வாழும் எவருக்கும் அந்த விதியின் சாயல் அந்நியமாகத் தோன்றாது. மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்திலும் மலையகத் தமிழர் என்ற சொல் இல்லை. பிறப்பையும் மூதாதையர் பிறந்த இடத்தையும் நிரூபிக்கச் சொல்லும் வாசகங்கள் மட்டுமே இருந்தன. கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953இல், இலங்கை வழக்குகளின் கடைசி மேன்முறையீடு அப்போது போய்ச் சேர்ந்த லண்டன் பிரிவி கவுன்சில், அந்தச் சட்டம் செல்லும் என்றது. சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ பாரபட்சம் காட்டும் சட்டங்களுக்கு எதிராகத் தந்த பாதுகாப்பு அங்கே எடுபடவில்லை. ஒரே வகைக் கேள்விக்கு இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. ஒரு மாணவி இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், எந்த விரிவுரையும் தராத தெளிவு அவளுக்குக் கிடைக்கும்.

மாதிரி நீதிமன்றப் போட்டி எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாட்சிகள் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, கண்ணீர் இல்லை. ஏற்பாட்டாளர்கள் ஒரு கற்பனை வழக்கைத் தயாரித்து எல்லா அணிகளுக்கும் கொடுப்பார்கள். கீழ் நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டது, வழக்கு மேன்முறையீட்டில் நிற்கிறது. அதில் எழுதப்பட்ட நிகழ்வுகளுக்கு மேல் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க முடியாது. சட்டக் கேள்விகள் மட்டுமே மிச்சம். அணிகள் முதலில் எழுத்துமூலச் சமர்ப்பணம் கொடுக்கும், பிறகு நீதியரசர் குழாத்தின் முன் எழுந்து வாதாடும். ஒரு சுற்றில் மேன்முறையீட்டாளருக்காகப் பேசியவர், அடுத்த சுற்றில் எதிர்த்தரப்புக்காகப் பேச வேண்டி வரலாம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு புதிதல்ல. கோயில் திருவிழாவில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள், பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டியில் தொண்டை கட்டும்வரை பேசியவர்கள். ஆனால் பட்டிமண்டபப் பேச்சாளரைச் சபை கைதட்டித் தூக்கிக்கொண்டு போகும். மாதிரி நீதிமன்றத்தில் அந்தக் கை கிடையாது. மாணவன் ஆயத்தமாக்கி வந்த முதல் வாக்கியம் முடிவதற்குள், "நில்லுங்கள், நீங்கள் நம்பியிருக்கும் தீர்ப்பு பெரும்பான்மைத் தீர்ப்பா, மாறுபட்ட தீர்ப்பா?" என்று நடுவில் இருக்கும் நீதியரசர் கேட்பார். மாறுபட்ட தீர்ப்புத்தான். அதைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் புள்ளி போகும், ஒத்துக்கொண்டு அது ஏன் இன்றைக்கும் சரியானது என்று விளக்கினால் புள்ளி ஏறும். நேரம் பார்ப்பவர் இரண்டு நிமிடம் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார். மாணவன் கையில் வைத்திருக்கும் தாள் அப்போது எதற்கும் உதவாது. வழக்குத் தலைக்குள் இருந்தால்தான் பிழைப்பு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது. நீதிமன்றங்கள் அருகில் இருக்கின்றன. சிறுபான்மை நீதிபதி ஒருவரின் பெயரில் இங்கே ஒரு போட்டி நடந்தால் வழக்கு எதுவாக இருக்க வேண்டும் என்பதே பெரிய கேள்வி. பெயர் சூட்டுவது எளிது. அந்தப் பெயருக்குத் தகுந்த வழக்கைத் தேர்வதுதான் கடினம்.

என் மனதில் முதலில் வருவது கோடீஸ்வரன் வழக்கு. அரச எழுதுவினைஞர் சேவையில் இருந்த தமிழர் அவர். சிங்கள மொழித் தேர்ச்சி பெறவில்லை என்பதற்காக 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரண் என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டம் பற்றிய கேள்விக்குள் போகாமலே அதைப் புரட்டியது: முடிக்குரிய அரசின் ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்பது காரணம். 1969இல் பிரிவி கவுன்சில் வழக்காடலாம் என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்க்குமாறு உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குப் பதில் வரவே இல்லை. பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிந்தது. 1972இன் அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே காணாமல் போயிற்று.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பு இல்லாமல் கிடக்கும் கேள்வி. மாதிரி நீதிமன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு எங்கே கிடைக்கும்? கோடீஸ்வரனுக்காக வாதாட யாழ்ப்பாணத்தில் எந்த மாணவரும் பாய்ந்து வருவார். நான் பார்க்க விரும்புவது அரசின் தரப்பான சட்டமா அதிபருக்காக எழுந்து நிற்கப்போகும் மாணவரை. நாடாளுமன்றம் தன் நிருவாகத்துக்கு ஒரு மொழியைத் தேரும் அதிகாரம் உடையதல்லவா, மொழி என்பது 29ஆம் பிரிவு சொல்லும் சமூகம், சமயம் என்ற சொற்களுக்குள் அடங்குமா, கோடக்கன் பிள்ளையில் பிரிவி கவுன்சில் சொன்னது இங்கும் பொருந்தாதா என்றெல்லாம் அவர் உண்மையான பலத்தோடு வாதாட வேண்டும். அரைமனதாக வாதாடினால் குழாம் கண்டுபிடித்துவிடும். வீட்டில், கடையில், பஸ்ஸில் கேட்டு வளர்ந்த நியாயத்துக்கு எதிரான வாதத்தின் மிகப் பலமான வடிவத்தைத் தன் வாயால் சொல்லிப் பார்த்த மாணவர், பின்னாளில் கோடீஸ்வரனுக்காக நிற்கும்போது மற்ற எவரையும்விடக் கூர்மையாக நிற்பார். எதிராளி எங்கே தாக்குவான் என்பது அவருக்குத் தெரியும்.

கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் சட்ட மாணவர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் இங்கே அழைக்கப்பட வேண்டும். சீட்டுப் போட்டுத் தரப்பைத் தீர்மானிக்கையில் சிங்கள மாணவி ஒருத்திக்குக் கோடீஸ்வரனின் தரப்பு விழுந்தால், அந்த ஒரு மாதத் தயாரிப்பில் அவள் வாசிக்கும் தீர்ப்புகள் எந்த நல்லிணக்கக் கருத்தரங்கையும்விட ஆழமாகப் போகும் என்று நம்புகிறேன்.

யாருடைய பெயர்? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஆழமாக ஆராய்ந்து எழுதிய உயர் நீதிமன்ற நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா இருக்கிறார். 2015இலிருந்து 2017வரை பிரதம நீதியரசராக இருந்த கே. ஸ்ரீபவன் இருக்கிறார். நான் தேர்வதென்றால் 1984இலிருந்து 1988வரை பிரதம நீதியரசராக இருந்த சுப்பையா சர்வானந்தாவைத் தேர்வேன். அவர் தமிழர் என்பதால் மட்டும் அல்ல.

அவருடைய பெயரைச் சொல்லும் தீர்ப்புகளில் முக்கியமானது 1987இல் வந்த ஜோசப் பெரேரா வழக்கு. சிலாபத்தில் இடதுசாரிக் கூட்டம் ஒன்றுக்கான துண்டுப்பிரசுரம் தொடர்பாக இளைஞர்கள் கைதானார்கள். சொற்பொழிவின் பொருள் இலவசக் கல்வி. பொலிஸ் அனுமதி இல்லாமல் துண்டுப்பிரசுரம் கொடுக்கக்கூடாது என்ற அவசரகால ஒழுங்குவிதி, கருத்துச் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் முரண் என்று சர்வானந்தா அதைச் செல்லாதாக்கினார். அவசரகாலச் சட்டத்தின் பலத்தை அதிகம் அனுபவித்தது வடக்கு. அந்தச் சட்டத்துக்குக் கடிவாளம் போட்ட தீர்ப்பு ஒரு தமிழ் நீதியரசரிடமிருந்து சிலாபத்து இளைஞர்களுக்காக வந்தது. சிறுபான்மை நீதிபதியின் மரபு என்று நான் நினைப்பது இதைத்தான். தன் சமூகம் பட்ட அடியிலிருந்து கற்றதை அவர் எல்லோருக்குமான சட்டமாக்கினார்.

1981இன் வேல்முருகு வழக்கில் அவர் நீதியரசர்களுள் சிறுபான்மையினரின் பக்கத்தில் நின்றார். இராணுவத்தினர் தாக்கியதாகச் சொன்ன மனுதாரருக்கு அரசு பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்வியில் அரசின் பொறுப்பை அகலமாகப் பார்த்தது அவருடைய மாறுபட்ட தீர்ப்பு. பிந்திய அடிப்படை உரிமை வழக்குகள் அந்தப் பக்கமே நகர்ந்தன. மாகாண சபைகளை உருவாக்கும் 13ஆம் திருத்தச் சட்டமூலம் 1987இல் ஒன்பது நீதியரசர்கள் முன் வந்தபோது, சர்வசன வாக்கெடுப்புத் தேவையில்லை என்று அவர் உட்பட நால்வர் சொன்னார்கள். தேவை என்று நால்வர் சொன்னார்கள். சில வாசகங்களுக்கு மட்டும் தேவை என்றார் ஒருவர். மாகாண சபையின் தலைவிதி அந்த ஒருவரின் மேல் தொங்கியது. வெறும் பெருமிதத்தோடு மட்டும் இந்தக் காலத்தைப் பார்க்கவும் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆங்கில வாரப் பத்திரிகையான சற்றர்டே ரிவ்யூ 1983இல் சீல் வைக்கப்பட்டது. வாசகர்கள் வழக்காடினார்கள். வாசகருக்கும் செய்தி அறியும் உரிமை உண்டு, அவரும் வழக்காடலாம் என்று அக்காலத்து உயர் நீதிமன்றம் ஏற்றது. தடையை மட்டும் அது அகற்றவில்லை. ஒரு நீதிபதியின் பெயரில் போட்டி நடத்துவதென்றால், அவர் காலத்து நீதிமன்றம் எங்கே முன்னே போனது, எங்கே நின்றது என்று இரண்டையும் மாணவர் வாசிக்க வேண்டும்.

இரண்டாவது வழக்கு இன்னும் கடினமானது, ஏனென்றால் அது நம் வீட்டுக்குள் இருக்கிறது. தேசவழமையை 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பினார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். 1911இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. தாய் தந்தையர் கொடுத்த சீதனக் காணியாக இருந்தாலும் அப்படித்தான். நொத்தாரிசிடம் உறுதி எழுதப் போகும் பெண்ணோடு கணவனும் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும்.

கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி பெறலாம் என்கிறது 8ஆம் பிரிவு. இந்த மண்ணில் "இருக்குமிடம் தெரியாவிட்டால்" என்ற வாசகம் எத்தனை பெண்களைத் தொடும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண், பிள்ளையின் படிப்புக்காகத் தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்க வேண்டும். அதற்கு அவள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, கணவன் எங்கே என்று தெரியாது என்பதை நிறுவ வேண்டும். அவளுடைய முதல் போராட்டமே அவன் எங்கே என்று அரசைக் கேட்பது.

இதை ஒரு மாதிரி வழக்காக வையுங்கள். இன்றைய அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 16ஆம் உறுப்புரையோ, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. பெண்ணுக்காக வாதாடும் அணி சமத்துவத்தைப் பிடித்துக்கொள்ளும். எதிர்த்தரப்புக்கும் எடுத்தெறிய முடியாத வாதம் உண்டு: சிறுபான்மையின் தனிச் சட்டத்தில் கை வைக்கப் பெரும்பான்மையின் நீதிமன்றத்துக்கு வழி திறந்துவிட்டால், இன்று 6ஆம் பிரிவு போகும், நாளை தேசவழமையே போகும், அதற்கடுத்து முஸ்லிம் சட்டமும் கண்டிச் சட்டமும் போகும். கோடீஸ்வரன் வழக்கில் சமத்துவம் என்று முழங்கிய அதே மாணவர், இங்கே அந்தச் சமத்துவத்துக்கு எதிராக நிற்க வேண்டி வரலாம். சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை உண்டு என்பதை அப்போது அவர் முகத்துக்கு முகம் சந்திப்பார். என் நிலைப்பாட்டை ஒளிக்கவில்லை: 6ஆம் பிரிவு போக வேண்டும், அதை நம் சமூகமே கேட்டுப் போக்க வேண்டும். அந்த முடிவுக்கு வர, எதிர்வாதத்தின் பலத்தை முதலில் உணர்ந்திருக்க வேண்டும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் பதிவுமொழி தமிழ். யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடும் சட்டத்தரணி தமிழில்தான் குறுக்கு விசாரணை செய்கிறார், தமிழில்தான் சமர்ப்பணம் எழுதுகிறார். கொழும்புக்கு மேன்முறையீடு போனதும் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. நம் மாணவர்கள் இரண்டு கரையிலும் நிற்க வேண்டியவர்கள். மாதிரி நீதிமன்றப் போட்டி என்றாலே ஆங்கிலம் என்ற பழக்கம் அவர்களில் பாதிப்பேரை, முக்கியமாகத் தீவகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வரும் பிள்ளைகளை, வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. முதற்சுற்றைத் தமிழிலும் இறுதிச் சுற்றை ஆங்கிலத்திலும் வைக்கலாம். இறுதிக்கு வந்த அணிக்குச் சமர்ப்பணத்தை ஆங்கிலத்தில் ஆக்க இரண்டு வாரம் கொடுக்கலாம். "மேன்முறையீட்டாளரின் இரண்டாவது வாதத்துக்கு மாண்புமிகு நீதிமன்றம் செவிசாய்க்க வேண்டுகிறேன்" என்று தமிழில் நிமிர்ந்து சொல்லப் பழகிய மாணவி, ஆங்கிலத்தில் அதே நிமிர்வோடு நிற்பாள். மறுபக்கமாக நடப்பது குறைவு.

குழாத்தில் யார் அமர்வது என்பதும் கவனிக்க வேண்டியது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் வருவார்கள், அது நல்லது. அவர்களோடு மாவட்ட நீதிமன்றத்தில் நாள்தோறும் காணி வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவரும், பெண்களின் காணி உரிமைக்காக வேலை செய்பவர் ஒருவரும் அமர வேண்டும். 8ஆம் பிரிவின் கீழ் ஒரு மனு உண்மையில் எப்படி நகர்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

போட்டி முடிந்ததும் சிறந்த சமர்ப்பணங்கள் இரண்டையும், ஒரே வழக்கின் இரண்டு தரப்புக்கும் எழுதப்பட்டவற்றை, தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும். பொது நூலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் அவை கிடைக்க வேண்டும். 6ஆம் பிரிவைப் பற்றி இரண்டு பக்கமும் சேர்த்து எழுதப்பட்ட முப்பது பக்கத் தமிழ்க் கைநூல் ஒன்று, உறுதி எழுதப் போகும் முன் ஒரு பெண்ணின் கைக்குப் போகுமானால், சட்ட மாணவர்களின் ஒரு மாத உழைப்பு நீதிமன்ற மாதிரியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது என்று பொருள்.